நாகையாவுக்கு நாம் பட்ட கடன்

திருவண்ணாமலைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள்.

கார்த்திகை தீபம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. பவுர்ணமி இரவில் மலையைச் சுற்றி வர வருகிறவர்கள் உண்டு. கடன் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

எதுவுமே வேண்டாம் என்று மனம் வெறுத்து வருகிறவர்களும் உண்டு.

அப்படி மனம் வெறுத்து வந்தவர்களில் ஒருவர், லட்சக்கணக்கான மக்களின் அன்பைப் பெற்ற சினிமா நடிகர். அவர்தான் சித்தூர் வி. நாகையா.

பழைய படங்களைப் பார்க்கிறவர்களுக்கு அவருடைய முகம் நன்றாகத் தெரியும். பெயர்தான் பலருக்கு மறந்து போயிருக்கும். சாந்தமான முகம். கனிந்த கண்கள். அவசரம் இல்லாத பேச்சு. அந்தப் பேச்சிலே லேசான தெலுங்கு வாசனை.

"பாவ மன்னிப்பு" படத்தில் சிவாஜி கணேசனை எடுத்து வளர்க்கும் இஸ்மாயில் யார்? நாகையா.

"சம்பூர்ண ராமாயணம்" படத்தில், ராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுத் துடிதுடித்து உயிர் விடும் தசரதன் யார்? நாகையா.

"தெய்வ மகன்" படத்தில், பெற்றவரே வேண்டாம் என்று ஒதுக்கிய குழந்தையை ஆசிரமத்தில் வைத்து வளர்க்கும் பெரியவர் யார்? அவரும் நாகையாதான்.

திரையில் அவர் எல்லோருக்கும் தகப்பனார். தம் வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அவர் தகப்பனாராகவே இருந்தார். ஆனால் அவருடைய முதுமையில் அவருக்குப் பிள்ளையாக நின்றவர்கள் எத்தனை பேர்?

இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

மலையடிவாரத்தில்

நாகையா 1904-ம் ஆண்டு மார்ச் மாதம் 28-ந் தேதி பிறந்தார். ஊர், அந்த நாளைய குண்டூர் மாவட்டத்தில் உள்ள ரேப்பல்லே. ஆனால் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் சித்தூர். அங்கே ராம விலாச சபை என்ற நாடக சபை இருந்தது. அதிலே அவர் பாடினார், நடித்தார். அதனால் "சித்தூர் நாகையா" ஆனார்.

நல்ல குரல் அவருக்கு. முறையாகச் சங்கீதம் தெரியும். "ஆந்திர பத்திரிகை"யில் நிருபராகவும் வேலை பார்த்தார். 1930-ல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, நாட்டு இளைஞர்கள் பலரைப் போல அவரும் விடுதலைப் போரில் இறங்கினார்.

பாட்டு இருந்தது. நடிப்பு இருந்தது. நாட்டுப்பற்று இருந்தது. ஆனால் குடும்ப சுகம் நிலைக்கவில்லை.

முதல் மனைவி இறந்தார். மறுமணம் செய்துகொண்டார். அந்த மனைவியும் இறந்தார். ஒரு மனிதனுக்கு இப்படி அடிமேல் அடி விழுந்தால் என்ன ஆகும்? வீடு கசக்கும். ஊர் கசக்கும். பாட்டும் கசந்துவிடும்.

நாகையா திருவண்ணாமலைக்கு வந்தார்.

சித்தூரும் திருவண்ணாமலையும் வேறு வேறு மொழி பேசும் ஊர்கள். ஆனால் இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருப்பவை. காட்பாடிக்கு வடக்கே போனால் சித்தூர். தெற்கே வேலூரைத் தாண்டி வந்தால் திருவண்ணாமலை. துக்கத்தோடு அந்தப் பாதையில் வந்து இறங்கியவர்கள் அந்த நாளில் எத்தனையோ பேர்.

அப்போது மலையடிவாரத்தில் ரமண மகரிஷி இருந்தார். 1896-ல், பதினாறு வயதுப் பையனாக மதுரையிலிருந்து வந்தவர். விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் இருந்தார். 1922-ல் தாயார் காலமான பிறகு, கீழே இறங்கி வந்தார். தாயாரின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. 1950-ல் மறையும் வரை அவர் திருவண்ணாமலையை விட்டுப் போகவே இல்லை.

அந்த ஆசிரமத்தில் நாகையா சில காலம் இருந்தார்.

ரமணர் பெரும்பாலும் பேச மாட்டார். வந்தவர்களைப் பார்த்து, "வீட்டை விட்டுவிடு, காவி கட்டிக்கொள்" என்று சொல்வது அவர் வழக்கம் அல்ல. காட்டுக்கு ஓடினாலும் மனம் கூடவே வரும், ஆகவே இருக்கிற இடத்திலேயே உன்னை நீ யார் என்று விசாரித்துப் பார் என்பதுதான் அவர் காட்டிய வழி.

நாகையாவின் வாழ்க்கையும் அந்த வழியில்தான் போயிற்று. அவர் சாமியார் ஆகவில்லை. வேலைக்குத் திரும்பினார்.

அவர் மலையடிவாரத்திலேயே தங்கியிருந்தால் அவருடைய துயரம் ஒருவேளை தீர்ந்திருக்கும். கீழே இறங்கி வந்து வேலை செய்ததால், பிறகு எத்தனையோ பேருடைய துயரம் தீர்ந்தது.

புகழ் ஏணி

1938-ம் ஆண்டு "கிருகலட்சுமி" என்ற தெலுங்குப் படம் வந்தது. டைரக்டர் எச். எம். ரெட்டி. அதிலே கள் குடிக்காதீர்கள் என்று ஜனங்களுக்குப் பாடிச் சொல்லும் தேசபக்தர் வேடம் நாகையாவுக்கு. அந்தப் பாட்டு பட்டிதொட்டி எல்லாம் பரவியது.

அடுத்த ஆண்டு, 1939-ல், பி. என். ரெட்டியின் "வந்தே மாதரம்". அதில் அவர் கதாநாயகன். பிறகு 1940-ல் "சுமங்கலி", 1941-ல் "தேவதா" என்று வரிசையாகப் படங்கள் வந்தன.

"சுமங்கலி"யில் ஒரு விசேஷம் உண்டு. விதவைகளுக்கு மறுமணம் செய்து வைத்த பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவைப் போன்ற முதியவர் வேடம் அது. அப்போது நாகையாவுக்கு வயது 36. கதாநாயகனாகப் பேர் எடுத்தவர், நரைத்த தலையோடு வரச் சம்மதித்தார். "நான் கிழவனாக வந்தால் மார்க்கெட் போய்விடும்" என்று பயப்படவில்லை.

பிறகுதான் அவருடைய பெரிய படங்கள் வந்தன.

1943-ல் "பக்த போதனா". பாகவதத்தைத் தெலுங்கில் பாடிய கவி போதனா, அதை அரசனுக்குக் காணிக்கை ஆக்க மறுத்து, ஏர் உழுது பிழைத்தவர்.

1946-ல் "தியாகய்யா". தஞ்சை மன்னர் கொடுக்க வந்த பொருளை வேண்டாம் என்று சொன்ன தியாகராஜ சுவாமிகளின் கதை. இந்தப் படத்தை எடுத்தவர், டைரக்ட் செய்தவர், நடித்தவர், பாடியவர் எல்லாம் நாகையாவே.

1947-ல் "யோகி வேமனா". சுகபோகங்களில் மூழ்கிக் கிடந்து, பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன வேமனாவின் கதை.

மூன்று படங்களிலும் ஒரே விஷயம்தான். பொருளைத் துரும்பாக நினைத்தவர்களின் கதை அது. வேடத்தைக் கலைத்த பிறகும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் சாமியார் வேடத்துக்கு மட்டுமே பொருத்தமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1945-ல் வந்த "சுவர்க்க சீமா" படத்தில், நடிகை ஒருத்தியின் மயக்கத்தில் சொந்த மனைவி மக்களைக் கைவிடும் பத்திரிகைக்காரராக அவர் நடித்தார். மயக்கும் நடிகையாக வந்தவர் பானுமதி.

அவரை "இந்தியாவின் பால் முனி" என்று புகழ்ந்தார்கள். பால் முனி அமெரிக்க நடிகர். நாய்க்கடிக்கு மருந்து கண்டுபிடித்த லூயி பாஸ்டராக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர். பெரியவர்களின் வாழ்க்கையை நடித்துக் காட்டுவதில் அவருக்கு ஈடு இல்லை என்பார்கள். நம் நாட்டில் அந்தப் பெயர் நாகையாவுக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டின் வரவேற்பு

தமிழ் ரசிகர்களும் அவரை விட்டுவிடவில்லை.

1941-ல் வந்த "அசோக் குமார்" படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். அவருடைய தகப்பனாரான அசோகச் சக்கரவர்த்தி வேடம் நாகையாவுக்கு. இளைய ராணி சொன்ன பொய்யை நம்பி, பெற்ற மகனுக்கே தண்டனை கொடுத்துவிட்டுப் பிறகு நொந்து போகும் தகப்பன். பாகவதர் பாட்டுக்காகப் படம் பார்க்கப் போனவர்களும், நாகையாவின் நடிப்பைப் பேசிக்கொண்டு திரும்பினார்கள். பிற்காலத்தில் தமிழகத்தின் முதல்-அமைச்சரான எம். ஜி. ராமச்சந்திரன் அந்தப் படத்தில் ஒரு சிறிய வேடத்தில் வருகிறார்.

1945-ல் "மீரா". எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்த படம். கணவன் ராணாவாக நடித்தவர் நாகையா. மனைவியின் பக்தியை வெறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் தவிக்கும் வேடம்.

1948-ல் ஜெமினியின் "சக்ரதாரி". பாண்டுரங்கன் பெயரைச் சொல்லிக்கொண்டே களிமண்ணை மிதித்தபோது, தவழ்ந்து வந்த தம் குழந்தையையும் அறியாமல் மிதித்துவிட்ட குயவர் கோராவின் கதை. கோராவாக நடித்தவர் நாகையா.

இப்படிப் பதினைந்து ஆண்டு காலம் அவர் ஏணியின் மேலேயே இருந்தார். பணம் வந்தது. கார் வந்தது. சென்னையில் சொந்தப் படக் கம்பெனி வந்தது. 1953-ல் "என் வீடு" என்ற படத்தையும் சொந்தமாக எடுத்தார்.

கதாநாயகன் தகப்பனானார்

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. புதிய கதாநாயகர்கள் வந்தார்கள். தமிழில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். தெலுங்கில் என். டி. ராமராவும் நாகேஸ்வரராவும் வந்தார்கள். பாடி நடிக்கும் காலம் போய், ஒருவர் பாட மற்றவர் வாயசைக்கும் காலம் வந்தது.

இந்த இடத்தில்தான் பல நடிகர்கள் உடைந்து போவார்கள். நேற்று வரை நமக்கு மாலை போட்டார்கள், இன்றைக்கு மூலையில் நாற்காலி போடுகிறார்களே என்று மனம் புழுங்கும். சிலர் நடிப்பையே விட்டுவிடுவார்கள்.

நாகையா புழுங்கவில்லை. கதாநாயகனின் தகப்பனாராக வந்தார். தாத்தாவாக வந்தார். ஊர்ப் பெரியவராக வந்தார். குணச்சித்திர நடிகர் ஆனார்.

குணச்சித்திர நடிகரின் வேலை என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கதாநாயகனுக்கு ஆறு பாட்டு உண்டு. நாலு சண்டை உண்டு. வகை வகையான உடை உண்டு. குணச்சித்திர நடிகருக்கு இருப்பது ஒரு சால்வை, ஒரு நாற்காலி, மூன்று நாலு காட்சிகள். அதற்குள் அவர் ஒரு முழு மனிதனைக் காட்டியாக வேண்டும். பந்தலுக்குக் கால் போல அவர் நிற்கிறார். பந்தலின் அலங்காரத்தைப் பார்க்கிறவர்கள் காலைப் பார்ப்பதில்லை. ஆனால் காலை உருவிவிட்டால் பந்தல் நிற்காது.

1958-ல் வந்த "சம்பூர்ண ராமாயண"த்தை எடுத்துக்கொள்ளுங்கள். என். டி. ராமராவ் ராமன், சிவாஜி பரதன். தசரதன் சாகும்போது தியேட்டரில் அழாதவர்கள் இல்லை. தகப்பனாரின் துயரம் அவ்வளவு ஆழமாக மனதில் பதிந்ததால்தான், பரதனின் துயரமும் நமக்குப் புரிந்தது.

1961-ல் வந்த "பாவ மன்னிப்பு" இன்னும் உயர்ந்தது. டைரக்டர் பீம்சிங். இந்துக் குடும்பத்தில் பிறந்த குழந்தையை, இஸ்மாயில் என்ற முஸ்லிம் பெரியவர் எடுத்து, ரஹீம் என்று பேர் வைத்து வளர்க்கிறார். எல்லா மதத்துக்கும் அன்பே அடிப்படை என்பதுதான் கதை. அதைப் பிரசங்கமாகச் சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். நாகையாவின் முகத்தைப் பார்த்ததும் நம்பினார்கள். தெலுங்கு நாட்டில் பிறந்த இந்து ஒருவர், தமிழ்ப் படத்தில் முஸ்லிம் பெரியவராக வந்தார். எந்த மதத்தாருக்கும் அவர் அந்நியராகத் தோன்றவில்லை.

1969-ல் "தெய்வ மகன்". முகத்தில் விகாரத்தோடு பிறந்த குழந்தையைத் தகப்பனே வேண்டாம் என்கிறான். அந்தக் குழந்தை ஆசிரமத்தில் வளர்கிறது. தகப்பனும் இரண்டு பிள்ளைகளுமாக மூன்று வேடத்தில் நடித்தவர் சிவாஜி. அந்தப் பிள்ளையை வளர்த்த பெரியவர் நாகையா.

பெறாத பிள்ளைக்குத் தகப்பனாக இருக்கும் வேடம் அவருக்கு ஏன் அவ்வளவு பொருந்தியது? பதிலை அவர் வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அணையாத அடுப்பு

சென்னையில் அவர் வீட்டு அடுப்பு அணைந்ததே இல்லை என்பார்கள்.

சினிமாவில் சேரலாம் என்று ஊரை விட்டு ஓடி வந்தவர்கள், வேலை இல்லாத பாடகர்கள், வாய்ப்புப் போன நாடகக்காரர்கள், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு. "நீ யார், எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்பது இல்லை. கையில் பணம் இருக்கும்போது யாராவது வந்து கஷ்டம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பணம் அவர் கையில் இருக்காது.

இதிலே மெய்யாகவே கஷ்டப்பட்டவர்கள் உண்டு. கஷ்டப்பட்டது போல் நடித்தவர்களும் உண்டு. பெரிய நடிகரிடமே நடித்துக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள்!

பணம் வருகிற காலத்தில் இது தெரியவில்லை. கதாநாயகன் சம்பளம் போய், குணச்சித்திர நடிகரின் சம்பளம் வந்தபோது தெரிந்தது. வருகிற பணம் குறைந்தது. வருகிற விருந்தாளிகள் குறையவில்லை.

அப்போதாவது அவர் கையை மூடினாரா? இல்லை. இன்னொரு பெரிய காரியத்தில் இறங்கினார். "பக்த ராமதாசு" படம்.

ராமதாசர் கோல்கொண்டா நவாபு காலத்தில் தாசில்தாராக இருந்தவர். வரிப் பணத்தை எடுத்து பத்ராசலத்தில் ராமனுக்குக் கோவில் கட்டினார். அதற்காகப் பல ஆண்டு சிறையில் கிடந்தார். இந்தக் கதையைப் படமாக எடுக்க வேண்டும் என்பது நாகையாவின் நெடுநாள் ஆசை. கைப்பணத்தைப் போட்டு, கடனும் வாங்கி, இழுத்து இழுத்து எடுத்தார். வடநாட்டுப் பாடகர் முகமது ரபி வந்து அந்தப் படத்துக்காகத் தெலுங்கில் பாடினார். 1964-ல் படம் வெளிவந்தது. ராமதாசராக நடித்த நாகையாவுக்கு அப்போது வயது 60.

படம் ஓடவில்லை.

ராமதாசரை விடுவிக்க ராமலட்சுமணர்களே வந்து பணத்தைக் கட்டினார்கள் என்று கதை சொல்கிறது. நாகையாவின் கடனைக் கட்ட யாரும் வரவில்லை.

1965-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்துக் கவுரவித்தது. நாட்டுக்கே பெருமை. ஆனால் பட்டத்தைக் கொண்டு போய் மளிகைக் கடையில் கொடுத்தால் அரிசி போட மாட்டார்கள்.

அதன் பிறகு சின்னச் சின்ன வேடங்கள். கிடைத்ததை வாங்கிக்கொண்டு நடித்தார். ஒரு காலத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்த கை, வறுமையைப் பார்த்தது. 1973-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அவர் காலமானார்.

பின்பு சென்னை தியாகராய நகர், பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சிலைக்குப் பசிக்காது. நாகையாவுக்குப் பசித்தது.

யார் மேல் குற்றம்?

"அவர் மேல்தான் குற்றம்" என்று சிலர் சொல்வார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. தனக்கு மிஞ்சித்தான் தான தர்மம் என்பதும் நம் பழமொழிதான். அவர் அளக்கவில்லை. தமக்கென்று எடுத்து வைக்கவில்லை. ஆகவே அனுபவித்தார் என்பார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. குடும்பஸ்தர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றைக்குச் சம்பாதிக்கிறவன் நாளைக்கும் சம்பாதிப்பான் என்பது நிச்சயம் இல்லை. உடம்பு தளரும் காலத்துக்கு ஒரு பகுதியைக் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டும். கொடுங்கள், எண்ணிக் கொடுங்கள். வாங்குகிறவர் யார் என்று பார்த்துக் கொடுங்கள்.

ஆனால் கணக்கு அதோடு முடிந்துவிடாது. கொடுத்தவர் அளக்கவில்லை, சரி. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லோருமா ஏழையாகவே இருந்துவிட்டார்கள்? முன்னுக்கு வந்தவர்கள் மாதம் ஒரு ரூபாய் எடுத்து வைத்திருந்தாலும், அந்தப் பெரியவர் கடைசிக் காலத்தில் கவலை இல்லாமல் இருந்திருப்பாரே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் பழமொழிதான். கொடுத்தவருக்குச் சொல்ல நமக்கு இரண்டு பழமொழி நினைவுக்கு வருகிறது. வாங்கியவருக்குச் சொல்ல வேண்டிய பழமொழியை மட்டும் மறந்துவிடுகிறோம்.

நமக்கும் அந்தக் கடனில் பங்கு உண்டு. நாம் டிக்கெட் வாங்கிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. தசரதனைப் பார்த்து அழுதவன், வீட்டுக்குப் போய்த் தன் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசியிருப்பான். இஸ்மாயிலைப் பார்த்தவன், பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவரை வேறு கண்ணால் பார்த்திருப்பான். அதற்கு விலை நாலணா டிக்கெட்தானா?

என்ன செய்யலாம்?

நாகையாவோடு இந்தக் கதை முடிந்துவிடவில்லை. சின்ன வேடங்களில் நடித்து, முகம் மட்டும் தெரிந்து, பேர் தெரியாமல் முதுமையில் கஷ்டப்படும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நடித்த படங்கள் டெலிவிஷனில் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. அன்றைக்குக் கால்ஷீட் கணக்கில் வாங்கிய கூலிதான் அவர்களுக்கு மிச்சம்.

நடிகர் சங்கம் 1952-ல் தொடங்கப்பட்டது. நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலம் மாதந்தோறும் அரசு உதவி செய்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் உதவி கேட்டு மனு எழுதத் தெரியாதவர்களும், கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் விட்டுப் போகிறார்கள். கொடுத்தே பழகிய கைக்குக் கேட்க வராது. ஆகவே சங்கங்கள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

கோடிக் கணக்கில் செலவு செய்து படம் எடுக்கும் முதலாளிகள், சின்ன நடிகரின் ஒவ்வொரு நாள் கூலியோடும் ஒரு சிறு தொகையை அவருடைய முதுமைக்கென்று சேர்த்துக் கட்டினால் நஷ்டப்பட்டுவிட மாட்டார்கள். ஆலைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. ஊரையே அழவும் சிரிக்கவும் வைக்கும் தொழிலாளிக்கு அது இருக்கக் கூடாதா?

நாம் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு.

பவுர்ணமி அன்று திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி நடப்பவர்கள் பாதை ஓரத்தில் பார்த்திருப்பார்கள். எத்தனை முதியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களில் துறவிகள் உண்டு. ஆனால் எல்லோரும் துறவிகள் அல்ல. பிள்ளை குட்டிகளுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டில் இடம் இல்லாமல் வந்துவிட்ட தகப்பன்மாரும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பொட்டலம் புளியோதரையைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொண்டதாக நினைத்து நடக்கிறோம். கொடுப்பது நல்லதுதான். நம் வீட்டுப் பெரியவர் அந்த வரிசையில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

வீட்டிலும் குணச்சித்திர நடிகர்கள் உண்டு. சம்பாதிக்கும் மகன் கதாநாயகன். மூலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஒரு காலத்தில் அந்த வீட்டின் கதாநாயகனாக இருந்தவர்.

நெய் ஊற்றும் கை

திருவண்ணாமலை தீபத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். 2,668 அடி உயர மலையின் உச்சியில் பெரிய கொப்பரை. அதிலே நெய். கார்த்திகை அன்று மாலை 6 மணிக்கு ஏற்றினால் பல மைலுக்கு அப்பாலும் தெரியும். "அரோகரா" என்று ஊரே கை கூப்பும்.

அந்தத் தீபம் ஒரு நாளோடு அணைந்துவிடுவதில்லை. பதினோரு நாள் எரிகிறது. எப்படி? முதல் நாள் ஊற்றிய நெய் பதினோரு நாளைக்குப் போதாது. பர்வத ராஜகுல மக்கள் மலை ஏறிப் போய்த் தீபத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். தினமும் நெய் போய்ச் சேருகிறது. ஜனங்கள் கொடுத்த காணிக்கை நெய் அது. கீழே இருந்து கை கூப்பினால் மட்டும் தீபம் எரியாது. யாரோ சுமக்க வேண்டும். யாரோ ஊற்ற வேண்டும்.

நாகையா அந்த மலையின் அடிவாரத்துக்குத் துக்கத்தோடு வந்தார். இறங்கிப் போய் விளக்காக எரிந்தார். அந்த வெளிச்சத்தில் நாம் படம் பார்த்தோம். பலர் சோறு தின்றார்கள். எல்லோரும் கை கூப்பினோம். நெய் ஊற்றத்தான் ஆள் இல்லை.

அவருக்குப் பட்ட கடனை இனி அவரிடம் தீர்க்க முடியாது. நம் ஊரில், நம் தெருவில், நம் வீட்டில் இன்னும் எரிந்துகொண்டிருக்கிற விளக்குகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் போய்ப் பாருங்கள். என்ன வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.